முதலில் கேட்க வேண்டியது, யாருடைய கதை?

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் நடு ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் எங்கள் வீட்டில் தங்கும்போது இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்பார்கள். நல்ல பூர்வகுடி ஓவியம் எங்கே வாங்கலாம்? இந்தப் புள்ளிகளுக்கெல்லாம் என்ன அர்த்தம்? இரண்டுக்கும் தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது யாருடைய கதை, இதை வரையும் உரிமை இவருக்கு யார் வழியாக வந்தது? பாலைவனத்தில் ஓர் ஓவியம் உருவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு, வேறெந்தக் கேள்வியையும் முதலாவதாகக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

என் கணவருக்கு இங்கே மருத்துவமனையில் வேலை. மகன் படிக்க அடிலெய்டு போன பிறகு வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யுவெந்துமு ஓவிய மையத்தில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன், கூப்பிட்டார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து தனாமி சாலையில் வடமேற்காக ஏறத்தாழ 290 கிலோமீட்டர். வழியெல்லாம் சிவப்பு மண், முல்கா மரங்கள், கொத்துக் கொத்தாக ஸ்பினிஃபெக்ஸ் புல். யுவெந்துமு வார்ல்பிரி என்ற பூர்வகுடி மக்களின் ஊர். அங்கே வார்லுகுர்லாங்கு ஓவிய மையம் 1985இல் தொடங்கியது. ஓவியர்களே அதன் உரிமையாளர்கள், மற்றவர்கள் எல்லாம் அவர்களுக்காக வேலை பார்ப்பவர்கள். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. கற்றுக்கொடுக்கவோ திருத்தவோ அங்கே யாருக்கும் நான் தேவைப்படவில்லை. கை வேலைக்குத்தான் தேவைப்பட்டேன்.

கை வேலை என்றால் நிறையவே இருக்கும். காலையில் ஓவியர்கள் வருவதற்குள் கேன்வாஸ்களுக்கு அடிவண்ணம் பூசிக் காயவைக்க வேண்டும். சிலர் கறுப்பு கேட்பார்கள், சிலர் செம்மண் நிறம், சிலர் அன்றைக்குத் தோன்றுகிற நிறம். அப்புறம் சின்னக் கிண்ணங்களில் அக்ரிலிக் கலக்கி வைப்பது. ஒரே நீலத்தில் ஆறேழு நீலங்கள் கேட்பவர்கள் உண்டு. புள்ளி வைக்க ஒரு மெல்லிய குச்சி போதும், தூரிகை கோடுகளுக்குத்தான். நாய்கள் எங்கே பார்த்தாலும் படுத்திருக்கும், ஈரக் கேன்வாஸ் மேல் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்த ஓவியத்தின் பின்னால் எண் எழுதி, ஓவியரோடு சேர்த்துப் படம் எடுத்து, அவர் சொல்லும் கதையைக் கேட்டு எழுதிய கதைத் தாளை இணைத்து வைப்பதும் எங்கள் வேலைதான்.

போன கொஞ்ச நாளிலேயே எனக்கு நம்பிஜின்பா என்று ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். வார்ல்பிரி மக்கள் எல்லோரும் எட்டுப் பிரிவுகளில் ஒன்றில் பிறக்கிறார்கள். ஆண்களின் பிரிவுப் பெயர் ‘ஜ’வில் தொடங்கும், பெண்களுடையது ‘ந’வில். ஜங்கலாவின் தங்கை நங்கலா, ஜம்பிஜின்பாவின் தங்கை நம்பிஜின்பா. ஜங்கலாவின் பிள்ளைகள் ஜம்பிஜின்பாவும் நம்பிஜின்பாவும். ஜம்பிஜின்பாவின் பிள்ளைகள் மறுபடியும் ஜங்கலாவும் நங்கலாவும். தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில் வந்து நிற்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே நெடுநாள் தங்குகிற வெளியாளுக்கும் ஒரு பிரிவு வேண்டும். அது இல்லாவிட்டால் யாரோடு எப்படிப் பேசுவது, யாருக்கு எவ்வளவு மரியாதை காட்டுவது, யாரிடமிருந்து விலகி நிற்பது என்று யாருக்கும் தெரியாது.

எனக்குப் பெயர் வைத்தவர் ஒரு நங்கலா. வயது முதிர்ந்தவர். என் அப்பா ஜங்கலா என்றால் அவர் என் அப்பாவின் உடன்பிறந்தவர் ஆகிறார். வார்ல்பிரியில் பிமிர்டி, நமக்கு அத்தை. அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று நான் கேட்கவில்லை, கேட்காமல் எழுதக்கூடாது. அத்தை என்றே எழுதுகிறேன், அது பொய்யில்லை.

அவர்களுடைய உறவுமுறை நமக்கு அவ்வளவாக அந்நியமாக இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவின் அண்ணன் தம்பிகளும் அப்பாதான், அம்மாவின் அக்கா தங்கைகளும் அம்மாதான். அவர்கள் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். அத்தை, மாமன் பிள்ளைகள் வேறு வகை. திராவிட உறவுமுறையையும் ஆஸ்திரேலிய உறவுமுறைகளையும் மானிடவியலாளர்கள் நெடுங்காலமாக ஒப்பிட்டு எழுதி வந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு வேறுபாடு முக்கியம். மாமன் மகளைக் கட்டுவது அங்கே முறையில்லை, முறை அதற்கு இன்னொரு தலைமுறை தள்ளித்தான் வரும். கூட வேலை செய்த வெள்ளைக்கார இளைஞர்கள் சுவரில் ஒட்டியிருந்த பிரிவு அட்டவணையைப் பார்த்துப் பார்த்துப் படித்தார்கள். எனக்கு அது பாதி வீட்டுக் கணக்கு.

இந்த உறவு வலையில்தான் நிலமும் கதையும் கைமாறுகின்றன. ஜுக்குர்பா என்று அவர்கள் சொல்வது, மூதாதையர்கள் நாட்டின் (நாடு என்றால் அங்கே அவரவர் குலத்துக்கு உரிய நிலம்) குறுக்கே பயணம் போய் மலையையும் கிணற்றையும் ஓடையையும் சடங்கையும் சட்டத்தையும் உண்டாக்கியதை. அது பழைய காலத்தோடு முடிந்துபோன விஷயமும் இல்லை, இன்றும் அந்த இடங்களில் இருந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஜுக்குர்பாவுக்கும் குறிப்பிட்ட இடங்கள் உண்டு, இரண்டு வகை ஆட்களும் உண்டு. அப்பா வழியாக, அப்பாவின் அப்பா வழியாக அதைப் பெற்றவர்கள் கிர்டா. அம்மா வழியாக அதோடு சம்பந்தப்பட்டவர்கள் குர்டுங்குர்லு. கிர்டாவுக்கு அது சொந்தம். அது முறையாகப் பாடப்படுகிறதா, ஆடப்படுகிறதா, வரையப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குர்டுங்குர்லுவுக்கு. ஒரு தரப்பு மட்டும் இருந்தால் சடங்கே நடக்காது.

அத்தை வரைவது மழை. ஙப்பா ஜுக்குர்பா, அதாவது நீரின் கதை, ஜங்கலா நங்கலா, ஜம்பிஜின்பா நம்பிஜின்பா ஆட்களுடையது. அவருக்கு அது அப்பாவிடமிருந்து வந்தது. அத்தையின் கணவர் ஒரு ஜுங்கராயி, அதனால் மகள் நபால்ஜரி. மகளுக்கு அப்பா வழியில் வந்தது ஏழு சகோதரிகளின் கதை. ஆக ஒரே தரையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா மழையை வரைவார், மகள் நட்சத்திரங்களை வரைவார். அம்மாவின் கதையை மகள் அப்படியே எடுத்து வரைவது வழக்கமில்லை. ஆனால் அம்மாவின் மழைக்கு மகள் குர்டுங்குர்லு, அதன் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டியவர்.

ஒருநாள் அத்தை ஒரு பெரிய கேன்வாஸில் மேகங்களைக் குறிக்கும் சிறு பட்டைக் கோடுகளை வைத்துக்கொண்டு போனார். மகள் தன் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, ஓர் இடத்தை விரலால் காட்டி மெல்ல ஏதோ சொன்னார். அத்தை மறுபேச்சில்லாமல் அந்தப் பகுதியை அடிவண்ணத்தால் மூடினார். மூடியது காய்ந்ததும் வேறு மாதிரித் தொடங்கினார். பெரியவர் ஒருவரின் வேலையில் மகள் குறுக்கிடுவது நம் வீட்டில் என்றால் வார்த்தை முற்றியிருக்கும். அங்கே அது மகளின் கடமை. சுவரில் தொங்கும் ஓவியத்தின் அடியில் ஒரு பெயர்தான் இருக்கும். அது சரியாக வந்திருக்கிறது என்று தலையசைத்தவர்கள் பலர் இருப்பார்கள்.

அத்தை வரையும் கதையின் வெளியே சொல்லத்தக்க பகுதி இது. புயுரு என்பது யுவெந்துமுவுக்கு மேற்கே உள்ள ஓர் இடம். வறண்ட ஓடைப் படுகை. மணலைத் தோண்டினால் அடியில் நீர் ஊறும். ஜங்கலா ஆண்கள் இருவர், மழை வருவிக்கத் தெரிந்தவர்கள், பாடிப் பாடி ஒரு பெரும் புயலை எழுப்பினார்கள். இடியும் மின்னலுமாக அது நாட்டைக் கடந்து போனது. வழியில் இன்னொரு புயல் சேர்ந்துகொண்டது. பழுப்பு வல்லூறு ஒன்று அந்தப் புயலைத் தூக்கிக்கொண்டு இன்னும் மேற்கே போய் இறக்கியது, அங்கே பெரிய ஊற்று உண்டானது. புயுருவில் அதே வல்லூறு ஒரு மாபெரும் பாம்பைத் தோண்டி எடுத்தது. அந்த வானவில் பாம்பு நீரைச் சுமந்து போய் ஓர் ஏரியை உண்டாக்கியது. கேன்வாஸில் வளைந்து ஓடும் கோடுகள் வெள்ளம். சிறு வட்டங்கள் ஊற்றுகள். குட்டைப் பட்டைகள் மேகம்.

வளைந்த கோடு வெள்ளம் என்றதும், எல்லா ஓவியத்திலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையத்திலும் சுற்றுலாக் கடைகளிலும் குறியீட்டு அட்டவணைகள் கிடைக்கின்றன. வட்டம் என்றால் நீர்நிலை, யு வடிவம் என்றால் உட்கார்ந்திருக்கும் ஆள், பக்கத்தில் நேர்கோடு இருந்தால் பெண்ணின் தோண்டுகோல் அல்லது ஆணின் ஈட்டி என்றெல்லாம் போட்டிருப்பார்கள். தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஓர் ஓவியத்தைப் படித்துவிட முடியாது. ஒரே வட்டம் ஒருவர் கதையில் ஊற்று, இன்னொருவர் கதையில் முகாம், மற்றொன்றில் குன்று, வேறொன்றில் அடுப்பு. எது என்று கதையின் சொந்தக்காரர்தான் சொல்ல முடியும். அதனால்தான் கதைத் தாள் ஒவ்வொரு ஓவியத்தோடும் போகிறது.

இந்த வடிவங்கள் கேன்வாஸுக்கு வந்தது அண்மையில்தான். அதற்கு முன் அவை மணலில் இருந்தன, உடம்பில் இருந்தன, பாறையில் இருந்தன. பெண்களின் சடங்கில் மார்பிலும் தோளிலும் காவி மண்ணாலும் வெள்ளையாலும் இன்றும் வரைகிறார்கள். பாட்டியம்மாக்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது மணலை உள்ளங்கையால் தடவி வரைவதும், அடுத்த காட்சிக்கு அதை அழிப்பதும் நான் பார்த்தேன். கேன்வாஸின் வரலாறு 1971இல் பாப்புன்யா என்ற இன்னொரு பாலைவன ஊரில் தொடங்குவதாகச் சொல்வார்கள். ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் வேலை பார்த்த பள்ளியில், பெரியவர்கள் சேர்ந்து சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். அடுத்த ஆண்டே பாப்புன்யா டூலா என்ற ஓவியர் நிறுவனம் பிறந்தது. தொடக்க காலப் பலகைகள் சிலவற்றில், சடங்கு முடித்த ஆண்கள் மட்டுமே பார்க்கத்தக்கவை இடம்பெற்றுவிட்டன. மற்ற ஊர்ப் பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஓவியர்கள் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று மிகக் கவனமாக முடிவு செய்தார்கள். கேன்வாஸ் முழுக்கப் பரவிய புள்ளிகளுக்கு மறைக்கிற வேலையும் உண்டு. அழகுக்காக மட்டும் வைத்தது என்று நினைத்துக்கொண்டு பார்ப்பவர்களிடம் இதை நான் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

யுவெந்துமுவில் அது வேறு விதமாகத் தொடங்கியது. 1983, 84 வாக்கில் ஐந்து முதியவர்கள் உள்ளூர்ப் பள்ளியின் 30 கதவுகளில் தங்கள் ஜுக்குர்பாக்களை வரைந்தார்கள். வெளியே விற்பதற்காக இல்லை. தினமும் அந்தக் கதவுகளைத் தாண்டி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் தங்கள் நாட்டை மறந்துவிடக்கூடாது என்பதற்காக. அந்தக் கதவுகள் இப்போது அடிலெய்டில் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓவியம் விற்பனைச் சரக்காகும் முன்பே பாடப்புத்தகமாக இருந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மகள் வரையும் ஏழு சகோதரிகளும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்கள் கார்த்திகை மீன்கள். ஏழு நபால்ஜரிப் பெண்களை ஒரு ஜகமாரா ஆண் வானத்தின் குறுக்கே துரத்துகிறான். அவன் விடிவெள்ளி. தப்பிக்க அவர்கள் நெருப்பாக மாறி வானேறி நட்சத்திரமானார்கள். நம் ஊரில் முருகனுக்குப் பால் கொடுத்த ஆறு பெண்கள் அந்த நட்சத்திரங்கள் என்று ஒரு மாலை சொன்னேன். எல்லோரும் கேட்டுவிட்டுச் சிரித்து, "ஏழாவது பெண் எங்கே போனாள்?" என்றார்கள். அத்தையின் மகள் மட்டும் வேறொன்று கேட்டார். "அது உங்கள் அப்பா வழிக் கதையா, அம்மா வழியா?" முருகன் கதை தமிழர் எல்லோருக்கும் பொது என்றபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கதை அவருக்குக் கவலையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நீயும்தான் நம்பிஜின்பா ஆயிற்றே, மழை ஓவியம் ஒன்று வரையேன் என்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தோழி ஒருத்தி கேட்டாள். அந்தப் பெயர் எனக்கு உறவைக் கொடுத்தது, கடமைகளையும் கொடுத்தது. அத்தை கேட்டால் வண்டியில் கூட்டிப்போவது, கடைக்குப் போய் வருவது, ஒரு சாவு என்றால் அமைதியாக இருப்பது. புயுருவின் மழையை வரையும் உரிமை அதில் வராது.

கதையைக் கேட்டு எழுதும் வேலையில் பழகிக்கொண்டதைக் கொஞ்சம் சொல்கிறேன். பூர்வகுடி ஓவியரைச் சந்திக்கிற யாருக்கும் பயன்படும், சொந்தப் பாட்டியிடம் கதை கேட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கும் பயன்படலாம். ஏன் என்ற கேள்வியை ஒதுக்கிவிடுங்கள். எங்கே, யார் என்ற கேள்விகளுக்குப் பதில் தானாக வரும். இடத்தின் பெயரைச் சொன்னால் போதும், அத்தை அந்த இடம் இருக்கும் திசைக்கே கையை நீட்டிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஒரு கேள்வி கேட்டால் அடுத்ததைக் கேட்க அவசரப்படக்கூடாது. நீண்ட மௌனம் அங்கே மரியாதைக் குறைவு இல்லை, யோசிப்பதற்கான இடம். ‘முடியாது’ என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பினால், அல்லது இன்னொரு நாள் என்றால், அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பெண்களின் கதை ஆண்கள் நடுவில் பேசப்படாது, ஆண்களுடையதும் அப்படியே. எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், அதைக் கேட்க வேண்டிய இன்னொருவர் உண்டா என்றும் விசாரியுங்கள். பெரும்பாலும் உண்டு.

ஊரில் ஒருவர் இறந்தால் எல்லாம் நின்றுவிடும். இறந்தவரின் பெயரை உச்சரிக்க மாட்டார்கள். அதே பெயர் கொண்டவர்களையும் குமன்ஜாயி என்றுதான் அழைப்பார்கள். இறந்தவரின் படங்களை எடுத்துவிடுவார்கள், குடும்பம் சொல்லும் வரை ஓவியங்களையும் காட்சிக்கு வைக்காமல் இருப்பதுண்டு. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் சில நிகழ்ச்சிகளுக்கு முன்னால் இறந்தவர்களின் உருவமும் குரலும் வரலாம் என்று எச்சரிப்பது இதற்காகத்தான். நீங்கள் வாங்கிய ஓவியத்தோடு ஓவியரின் படம் இருந்தால் அதைப் பொதுவில் பகிரும் முன் மையத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில ஆண்டுகள் ஆகியிருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இந்த உரிமையை வெளியுலகம் மதிக்காவிட்டால் யாருக்கு வலிக்கும் என்பதற்கு 1994இல் தீர்ப்பான தரைவிரிப்பு வழக்கு நல்ல சான்று. பெர்த் நகர நிறுவனம் ஒன்று பூர்வகுடி ஓவியங்களை வியட்நாமில் கம்பள விரிப்புகளாக நெய்து இறக்குமதி செய்தது. ஓவியர்களில் சிலர் அப்போது உயிரோடு இல்லை. நகலானவற்றில் ஒன்று, யிர்கலாவைச் சேர்ந்த பாண்டுக் மரிக்கா தன் குலத்தின் புனித நீர்நிலையை வரைந்த படைப்பு. அதன் மேல் மக்கள் செருப்புக் காலோடு நடக்கும்படி ஆனது. தனக்குத் தெரியாமல் நடந்திருந்தாலும் தன் மக்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் ஓவியர்தான், குலத்தின் சொத்தைக் காக்கத் தவறியவராக அவரே நிற்க நேரும். நீதிமன்றம் 1,88,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது, பண்பாட்டுரீதியான பாதிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அத்தையும் மகளும் ஒரு மேகக் கோட்டுக்காக அன்று அவ்வளவு கவனம் எடுத்தது இதைப் படித்தபோது எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது.

போலிகள் ஒழிந்துவிடவில்லை. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் டிஜெரிடூ ஊதுகுழல்களையும் பூர்வகுடிகள் கையால் செய்தவை போல விற்ற மொத்த வியாபாரி ஒருவருக்கு 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பூர்வகுடி பாணி நினைவுப் பொருள்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கும் மேல் போலிகளுக்கே போகிறது என்று ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022இல் சொன்னது. விமான நிலையத்தில் வாங்கும் காந்த வில்லைக்கும் சாவிக்கொத்துக்கும் கூட இது பொருந்தும்.

அதனால் வாங்க நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது: முடிந்தால் ஓவியர்களே உரிமையாளர்களாக உள்ள மையத்தில் வாங்குங்கள், பலவற்றில் இணையம் வழியாகவும் வாங்கலாம். ஆகஸ்டில் டார்வின் பூர்வகுடி ஓவியச் சந்தை நடக்கிறது, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டெசர்ட் மாப் ஆண்டுதோறும் நடக்கிறது. இரண்டிலும் மையங்களே நேரில் வந்து விற்கும். தனியார் கடை என்றால் பூர்வகுடிக் கலை நெறிமுறையில் கையெழுத்திட்டவரா என்று கேளுங்கள். அது 2009இல் வந்த, கட்டாயமில்லாத ஏற்பாடு, இருந்தாலும் ஒரு வடிகட்டி. ஓவியரின் பெயர், ஊர், மொழி, மையம், கதை, அவருக்கு எப்படிப் பணம் போகிறது, இத்தனையையும் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். பெயர் தெரியாது, ஆனால் அசல் என்று சொன்னால் நடையைக் கட்டிவிடுங்கள். ஓவியத்தின் பின்னால் உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். விலையைப் பற்றித் தயங்க வேண்டாம், பல மையங்களில் கையளவுக் கேன்வாஸ்களும் உண்டு. பேரம் பேசாதீர்கள். வரும் பணத்தில் பெரும்பங்கு ஓவியருக்குப் போகிறது, மீதியில்தான் கேன்வாஸும் வண்ணமும் சம்பளமும் வண்டி எண்ணெயும்.

மறுவிற்பனை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஜானி வாரங்குலா ட்ஜுப்புருலா என்ற பாப்புன்யா ஓவியர் 1972இல் கலிபின்பா என்ற மழைத் தலத்தை வரைந்தார். அப்போது அவருக்குக் கிடைத்தது 150 டாலர் அளவு. 2000ஆம் ஆண்டு ஏலத்தில் அதே பலகை 4,86,500 டாலருக்குப் போனது. அவர் அப்போது உயிரோடு இருந்தார், அதில் ஒரு காசுக்கும் அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. இந்த மாதிரி விற்பனைகள் கிளப்பிய கோபத்தில்தான் மறுவிற்பனை உரிமைத் தொகைச் சட்டம் வந்தது, 2010 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. கலை வியாபாரி வழியாக 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ மறுபடி விற்றால் 5 சதவீதம் ஓவியருக்கு, அவர் இறந்த பின் 70 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு. உங்களிடம் இருக்கும் ஓவியத்தை விற்க நேர்ந்தால் சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள். பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்துப் பணம் சேர அந்தத் தாள்தான் வழி.

கேன்வாஸை வாங்கினால் கேன்வாஸ் மட்டும்தான் உங்களுடையது. எங்கள் சொந்தத்தில் ஒருவர், வாங்கிய ஓவியத்தைப் படமெடுத்து மகள் கல்யாணப் பத்திரிகையில் போட ஆசைப்பட்டார். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது, மையம் வழியாக எழுதி அனுமதி கேளுங்கள் என்றேன். மையம் ஓவியரிடம் கேட்டுத்தான் பதில் சொல்லும், கட்டணமும் இருக்கலாம், மறுக்கவும் மறுக்கலாம்.

இன்னொன்று நம் பிள்ளைகளைப் பற்றியது. சிட்னி, மெல்பர்ன் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகள் சிலர், பிள்ளைகளை வைத்துப் புள்ளி ஓவியம் போடச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஒரு ஓவியரின் படைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் எந்த நாட்டுக்காரர், கதை யார் வழியாக வந்தது என்று பேசுங்கள், நிலப்படத்தில் அந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள். அந்தப் பகுதிப் பூர்வகுடிப் பெரியவர் ஒருவரை முறையாகப் பணம் கொடுத்து அழைத்து வரலாம், அவர் என்ன செய்யச் சொல்கிறாரோ அதைச் செய்யலாம். அவர் இல்லாமல் வட்டத்தையும் யு வடிவத்தையும் நகலெடுக்க வைக்காதீர்கள். பிள்ளை கையில் பென்சிலைக் கொடுத்து உன் ஆச்சி ஊர்க் குளத்தை வரை, அந்தக் குளத்தைப் பற்றி ஆச்சி என்ன சொன்னாள் என்று எழுது என்றால், அத்தை செய்கிற வேலைக்கு அது இன்னும் நெருக்கமாக வரும்.

கடைசியாக, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. விமானத்தில் சுருட்டிக் கொண்டுபோகும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான குழாயில் தளர்வாகச் சுருட்டுங்கள். உள்பக்கமாக இறுக்கிச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி வெடிக்கும். ஊர் போனதும் விரித்துவிடுங்கள், மாதக்கணக்கில் சுருட்டியே வைக்காதீர்கள். வெயில் நேரடியாகப் படும் சுவர் வேண்டாம். கதைத் தாளைப் பசை போட்டுப் பின்னால் ஒட்டாமல் ஓர் உறையில் வையுங்கள். சட்டம் போடுகிற கடைக்காரர் எது மேல் பக்கம் என்று கேட்பார். தரையில் விரித்து நான்கு பக்கமும் சுற்றி உட்கார்ந்து வரைந்த ஓவியங்களில் பலவற்றுக்கு மேலும் கீழும் கிடையாது. அத்தையிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், கேன்வாஸைக் கால்வாசி திருப்பிவிட்டு "இப்படியும் அதே நாடுதான்" என்றார். உங்கள் சுவருக்கு எது பொருந்துகிறதோ அப்படி மாட்டிக்கொள்ளலாம்.